தந்தி பாரத்தின் பின்பக்கம்

சென்னை-26
2-3-1985

அன்புள்ள முத்து,

நீயும் உன் வீட்டிலும் குட்டிப் பெண் சின்னத்தாயும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு ஆரம்பிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் உதவி டைரக்டர் எழுதுகிறான். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உட்கார்ந்து எழுத நேரம் இல்லையடா.

'மணி அடிச்சாச்சு' ஐம்பது நாள் தாண்டிவிட்டது. இது நாலாவது படம். நாலும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் படம். "டைரக்டர் ஹரிஷுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை" என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருக்கிறான். முளைக்கவே வேண்டாம், இப்படியே இருங்கள் என்கிறார் தயாரிப்பாளர்.

முதல் நன்றி உனக்குத்தான். மூன்று வருஷமாக நீ எழுதியனுப்பிய கதைகள்தான் படத்துக்கு உயிர். சயின்ஸ் வாத்தியார் பைக்குள் தவளை விட்டது, பரீட்சை அன்றைக்குப் பள்ளிக்கூட மணியின் நாக்கைக் கழற்றிக் கிணற்றில் போட்டது, எல்லாவற்றுக்கும் தியேட்டர் அதிர்கிறது. நம் காடனேரி ஹைஸ்கூல் பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு ஒரு சிலை வைக்க வேண்டும்.

இந்த மாதம் படம் உன் கொட்டகைக்கு வருகிறது. என் படத்தை நீ ஓட்டப்போகிறாய்! ஜனங்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பீடி பிடிக்க எழுந்து போகிறார்கள் என்று பார்த்து எழுது. ஆபரேட்டர் ரூம் ஓட்டையில் தெரிவதுதான் நிஜமான விமர்சனம்.

உன்
ஹாலாஸ்யம்
(மெட்ராஸில் ஹரிஷ்)


வில்லாபுரம், மதுரை
24-3-1985

அன்புள்ள ஹாலாஸ்யம்,

உன் கடிதம் வந்தது. வேறு யாரோ எழுதியிருந்தாலும் உன் குரல் கேட்டது. வீட்டில் எல்லோருக்கும் சுகம். சின்னத்தாய் மூன்றாம் வகுப்புப் போகிறாள். உன் பெயரைச் சொல்லித் தெருவில் பெருமை அடித்துக்கொள்கிறாள்.

படம் பத்து நாளாக ஓடுகிறது. இதுவரை முப்பது காட்சி ஓட்டிவிட்டேன். தவளைக்கு நல்ல சிரிப்பு. மணிக்கு விசில். பாட்டு வந்தால் பாதிப் பேர் வெளியே போகிறார்கள். ஒன்பதாவது ரீலுக்கு மட்டும் ஒருத்தனும் எழுந்திருப்பதில்லை. குண்டுப் பையன் டியூஷன் வாசலில் நின்று அந்தப் பெண்ணுக்கு எழுதிய காதல் கடிதத்தைத் திக்கித் திக்கிப் படிக்கிற இடம். "நீ குடையை மறந்துவிட்டு வந்த அன்று மழை பெய்யவில்லை. மழைக்கும் உன்னைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது." அவன் படித்து முடித்ததும் மாடியிலிருந்து ஒரு அண்டா தண்ணீர் அவன் தலையில் விழுகிறது. அப்புறம் அவளுடைய அண்ணன் வந்து உதைக்கிறான். பையன் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து ஆடுகிறான்.

ஹாலா, ஒன்று கேட்கவேண்டும். தவளையும் மணியும் நான் எழுதியவை. ஒன்பதாவது ரீல் நான் எழுதியது இல்லை. நம் வகுப்பு ரெங்கம்மாள் பெயரை உனக்கு ஒரு கடிதத்திலும் நான் எடுத்ததில்லை.

அறுபத்தெட்டில் அவள் புத்தகப் பையில் ஒரு கடிதம் இருந்தது. யார் எழுதியது என்று பெயர் இல்லை. ஹெட்மாஸ்டர் வகுப்பில் இருந்த முப்பத்தொரு பையன்களில் என் ஒருத்தனைத்தான் கூப்பிட்டார். ஏனென்றால் நானும் அவளும் ஒரே வரப்பில் நடந்து பள்ளிக்கு வருகிறவர்கள். வேறு காரணம் இல்லை. நோட்டைக் கொண்டுவா, எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றுகூடச் சொல்லவில்லை. பிரம்படி முடிந்த பிறகு அவளுடைய அண்ணன் கண்ணுச்சாமி வாய்க்கால் கரையில் வைத்து என் வலது கை நடுவிரலை ஒடித்தான். இன்றும் அது மடங்காது. ரீல் மாட்டுவது இடது கையால். 'நடத்தை திருப்தியில்லை' என்று டி.சி.யில் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த எந்தப் பள்ளியும் என்னைச் சேர்க்கவில்லை. அந்த மாதமே ரெங்கம்மாளுக்குக் கல்யாணம்.

உன் பையன் உதை வாங்கிய உடனே எழுந்து ஆடுகிறான். நான் எழுந்து உட்கார எட்டு நாள் ஆனது.

நீ அன்று வராந்தாவில் நின்று பார்த்தாய். ஞாபகம் வந்து எடுத்திருப்பாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குறையாகச் சொல்கிறேன், கோபமாக இல்லை.

உன்
முத்து


சென்னை-26
3-4-1985

அன்புள்ள முத்து,

சென்சார்காரன்கூட இப்படி நோண்டவில்லையடா!

படக் கதை எப்படி உருவாகிறது என்று உனக்குத் தெரியாது. வடபழனியில் ஒரு லாட்ஜ் அறை. ஆறு பேர் பாயில் படுத்துக்கொண்டு அவனவன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்வான். சிரிப்பு வந்தால் வைத்துக்கொள்வோம், வராவிட்டால் தூக்கிப் போடுவோம். அந்தக் குடையும் மழையும் யார் சொன்னது என்று எனக்கே ஞாபகம் இல்லை. லெட்டர் கொடுத்து உதை வாங்காத பையன் எந்த ஊரில் இருக்கிறான்? எல்லா ஊரிலும் ஒரு ரெங்கம்மாள் உண்டு, ஒரு கண்ணுச்சாமி உண்டு.

உன் விரல் விஷயம் மனசைப் பிசைந்தது. அடுத்த படத்தில் 'நன்றி: முத்திருளன், மதுரை' என்று டைட்டிலில் போடுகிறேன். உன் பெண் பார்த்துச் சந்தோஷப்படுவாள்.

உன்
ஹாலா


வில்லாபுரம்
22-4-1985

அன்புள்ள ஹாலாஸ்யம்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நிதானமாகப் படி.

ரெங்கம்மாள் இந்த வில்லாபுரத்தில்தான் இருக்கிறாள். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அவளுக்குக் கட்டிவைத்த ஆள் செத்துப்போனான். சத்துணவு வந்தபோது விதவை என்று வேலை கொடுத்தார்கள். என் மகள் படிக்கிற பள்ளியில்தான் சமைக்கிறாள். மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். அவள் என் பக்கம் திரும்பியதில்லை. நானும் பேசியதில்லை.

உன் படத்தின் வசனம் கேசட்டாக வந்துவிட்டது அல்லவா? இப்போது காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ரேடியோ செட்டில் அதைத்தான் போடுகிறான். போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு கல்யாணம். குழந்தைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஸ்பீக்கர் குழாயிலிருந்து அந்தக் குண்டுப் பையன் குரல் வந்தது. குடை, மழை. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் கூடவே ராகம் போட்டுச் சொன்னார்கள். ரெங்கம்மாள் அதுவரை படம் பார்க்காதவள். முதல் தடவையாக அன்றுதான் கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் மகளைக் கூப்பிடப் போனேன். கையில் அகப்பையோடு வாசலில் வந்து மறித்தாள்.

"நில்லுய்யா. படத்துக்காரன்கிட்ட சொல்லிக் குடுத்தியா?"

"எதை?"

"எனக்கு எழுதுன காயிதத்தை. ஊரே கேட்டுச் சிரிக்கிற மாதிரி."

"நான் எழுதலை ரெங்கம்மா. அன்னைக்கும் அதத்தான் சொன்னேன்."

"அப்ப அந்தக் குடை எங்கிருந்து வந்துச்சு? எங்கப்பன் எச்செம்மு ரூம்பிலயே வச்சுப் பொசுக்கிட்டாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. எச்செம்மு செத்து எட்டு வருசமாச்சு. படிச்ச ஆளுல உசுரோட இருக்கது நான் ஒருத்தி. எழுதுனது ஒருத்தன். வேற எவனுக்கு அந்த வார்த்தை தெரியும்? நீயும் அந்த அய்யரு பயலும் ஒண்ணாத் திரிஞ்சவங்கதான? அவந்தான இப்பப் படம் எடுக்கான்?"

"அந்தக் காயிதத்தை நான் கண்ணால பாத்ததே இல்ல."

"பதினேழு வருசமா ஒரு பொய்ய அலுக்காமச் சொல்லுறியே, அம்புட்டுப் பயமா?"

பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இப்படிச் சொன்னாள்: "லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கயில ஒண்ணு ஒம் மக இங்க வரக் கூடாது, இல்ல நான் வரமாட்டேன்."

ஹாலா, அவள் சொன்ன கணக்கு சரி. அந்த வார்த்தைகள் எனக்கு உன் படம் வந்தபிறகுதான் தெரியும். லாட்ஜ் அறையில் இருந்தவர்களில் காடனேரிக்காரன் நீ ஒருத்தன்தான். யார் சொன்னது? நன்றாக யோசித்து எழுது. சுற்றி வளைக்காதே.

முத்து


சென்னை-26
3-5-1985

முத்து,

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருக்கிறது.

நேராகக் கேட்கிறேன். உன் பின்னால் யார் இருக்கிறார்கள்? அழகுமலை என்று ஒரு வாரப் பத்திரிகை நிருபன் என் பழைய கதையைத் தேடி மதுரைப் பக்கம் அலைகிறான் என்று இங்கே பேச்சு. அவன் உன்னைப் பார்த்தானா? மூன்று வருஷமாக வாயைத் திறக்காத ஒரு பெண், படம் நூறு நாளை நெருங்கும்போது திடீரென்று அகப்பையோடு வந்து நிற்கிறாள். நீ அதை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்புகிறாய். நான் சினிமாக்காரன் முத்து. ஒரு காட்சி தானாக நடந்ததா, எவனாவது எழுதிக் கொடுத்து நடந்ததா என்று எனக்குத் தெரியும்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு தந்தி பாரத்தின் முதுகில் கிறுக்கிய நாலு வரிக்கு நான் மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு ஜவாப் சொல்ல வேண்டுமா? எனக்கு அடுத்த படத்துக்குக் கதை இல்லை. தூக்கம் இல்லை. நீயாவது என்னை விட்டுவை.

பத்திரிகைக்காரன் வந்தால் எதுவும் பேசாதே. நம் சிநேகிதத்தின்மேல் வைத்துச் சொல்கிறேன்.

ஹரிஷ்


வில்லாபுரம்
12-5-1985

ஹாலாஸ்யம்,

அழகுமலை யார் என்று எனக்குத் தெரியாது. என் பின்னால் ஒருத்தரும் இல்லை. அன்றைக்கும் ஒருத்தரும் இல்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தந்தி பாரம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதம் எந்தத் தாளில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் உனக்கு எழுதியிருக்க முடியாது. உன் படத்தில் அது ரூல் போட்ட நோட்டுத் தாள்.

என் சந்தேகம் தப்பாக இருந்துவிடக் கூடாது என்று நேற்று ரெங்கம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லிரு, போயிறேன். அது என்ன தாளு?" என்றேன். "எழுதுன ஒனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். நான் நகரவில்லை. கடைசியில் சொன்னாள்: "போஸ்டாபீசுல தந்தி அடிக்கக் குடுக்குமே, அந்தக் காயிதம். பின்பக்கம் எழுதிருந்துச்சு."

ஹாலாஸ்யம், காடனேரியில் தந்தி பாரம் கத்தையாக இருந்த வீடு ஒன்றுதான். போஸ்ட்மாஸ்டர் வீடு. உன் அப்பா வீடு. கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட நீ அந்தத் தாளைத்தான் வகுப்புக்குக் கொண்டுவருவாய். வகுப்பில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஹெட்மாஸ்டர் அந்தக் கடிதத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அவர் திருப்பவில்லை. திருப்பியிருந்தாலும் போஸ்ட்மாஸ்டர் மகனைக் கூப்பிட்டிருப்பாரா என்பது வேறு. அவருக்குக் கையில் இருந்தது வரப்பில் நடந்துவரும் ஒரு பையன். அதற்குமேல் அவருக்குத் துப்பு தேவைப்படவில்லை.

நீ வராந்தாவில் நின்றாய். இருபத்துநாலு பிரம்படி. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். நீயும் எண்ணியிருப்பாய். பக்கத்தில்தானே நின்றாய்?

எனக்கு டைட்டிலில் பெயர் வேண்டாம். படத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஒரு கார்டு போதும். 'அதை எழுதியது நான், முத்திருளன் இல்லை' என்று ரெங்கம்மாளுக்கு எழுதி உன் பெயரைப் போடு. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் வரவேண்டும். அவள் பிடிவாதக்காரி. சொன்னபடி வேலையை விட்டுவிடுவாள். விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. என் மகளை நான் வேறு பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தால், செய்யாத தப்பை இத்தனை வருஷம் கழித்து ஒத்துக்கொண்டதாக ஆகும். இரண்டில் எதுவும் நடக்காமல் இருக்க உன் ஒரு கார்டு போதும்.

முத்திருளன்


சென்னை-26
27-5-1985

என் அருமை முத்து,

பார், இது என் சொந்தக் கையெழுத்து. உதவியாளனை வெளியே அனுப்பிவிட்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று கோபம். மறுநாள் வெட்கம். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. அடேய், என் அடுத்த படத்தின் கதை இதுதானடா!

கேள். கிராமத்துப் பள்ளிக்கூடம். போஸ்ட்மாஸ்டர் பையன். துறுதுறுவென்று இருப்பான். அவனுக்கு அந்தப் பெண்மேல் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. நாலு வரி எழுதினால் ஒரு மனுஷ ஜீவனின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான். சும்மா ஒரு விளையாட்டு. இடைவேளையில் அவள் பையில் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் நிற்கிறான். அவள் படிக்கிறாள். முகம் சிவக்கிறது. அந்தச் சந்தோஷம் இருக்கிறதே முத்து, அப்புறம் எத்தனை தியேட்டரில் எத்தனை கைதட்டல் கேட்டும் எனக்கு அது திரும்ப வந்ததில்லை. அதுதான் என் முதல் ஸ்கிரிப்ட். மாட்டியது சிநேகிதன். பையனுக்குப் பயம், வாய் திறக்கவில்லை. பதினைந்து வயசு. வேறு என்ன செய்வான்?

முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. இரண்டாம் பாதியில் நீ: சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர், மடங்காத விரல், அவனே சுழற்றும் ரீலிலிருந்து உண்மை வெளியே வருகிறது. எவனுக்கு வரும் இப்படி ஒரு கிளைமாக்ஸ்? எனக்கு மீசை முளைக்கவில்லை என்றவனெல்லாம் வாயடைத்துப்போவான். டெல்லிக்குப் போய் அவார்டு வாங்கும் படம் இது.

தனியாக ரெங்கம்மாளுக்குக் கார்டு எழுதச் சொல்லாதே. எழுத்தில் கொடுத்தால் எவன் கைக்குப் போகும் என்று தெரியாது. கடைசிக் காட்சியில் அந்தப் பையன் அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கட்டும். அவள் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கட்டும். அதைவிடப் பெரிய மன்னிப்பு உண்டா?

நீ அனுமதி கொடு. ஒரு வரி எழுதிப் போடு. ரெங்கம்மாள் உன்னிடம் பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் எழுது. அவள் பேசுகிற மாதிரி என் பசங்களுக்கு எழுத வராது.

என்றைக்கும் உன்
ஹாலா


வில்லாபுரம்
9-6-1985

ஹாலாஸ்யம்,

உன் கடிதத்தை ரெங்கம்மாளிடம் கொடுத்துவிட்டேன். எழுத்தில் கொடுக்க மாட்டேன் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தாய்.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் போனேன். வாசலிலேயே நின்று படித்தாள். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளுக்கு நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க வந்தது. முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

"வெளையாட்டுக்கா?" என்றாள்.

"அப்பிடித்தான் எழுதிருக்கான்."

"தூணுக்குப் பின்னாடி நின்னு பாத்தானா?"

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவளாகப் பேசினாள். நீ ஒன்று விடாமல் கேட்டாய். எழுதுகிறேன்.

"எங்கண்ணன் என்னையும் அடிச்சான். நாப்பது வயசு ஆளுக்குக் கெட்டி வச்சாங்க. அந்தாளு குடிச்சுப்புட்டு வந்து 'லெட்டர்காரி'ம்பான். அம்புட்டயும் எதை வச்சுத் தாங்குனேன் தெரியுமா? எவனோ ஒருத்தன் அடி விழும்னு தெரிஞ்சே எனக்கு அப்பிடி எழுதுனானேன்னு. அது நீதான்னு நெனச்சேன். ஒங்கிட்டப் பேசாதது கோவத்துல இல்ல. பேசுனா ஊரு இன்னொரு கதை கெட்டும். கோவமெல்லாம் இந்தப் படம் வந்தப்புறந்தான்."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"இப்ப ஒம் பேரு சுத்தமாயிருச்சு. சந்தோசந்தான? எனக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு. நீ எழுதுனதாவே இருந்திருக்கலாம்."

பதினேழு வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு வருவதற்கு அவளிடம் இருந்த ஒன்றை நான் பறித்தேன். அந்தக் கடிதத்தை எழுதிய அன்றைக்கே அதை நீ பறித்திருந்தாய், அவளுக்குத்தான் தெரியாமல் இருந்தது. நான் போய்த் தெரிவித்தேன். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன்.

அவள் வேலைக்கு வருகிறாள். என் மகளும் அதே பள்ளிக்குத்தான் போகிறாள்.

பதினைந்து வயசு, வேறு என்ன செய்வான் என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் பதினைந்துதான். அவளுக்குப் பதினாலு. அந்த வயசு உனக்கு நாலு படமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு மத்தியானத்தில் முடிந்துபோனது. சிரிப்புக்கு வேண்டிய பாதியை நீ எடுத்துக்கொண்டாய். இப்போது அழுகைக்கு மீதிப் பாதியைக் கேட்கிறாய்.

படத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அந்தக் கடிதம் எனக்கு வந்ததில்லை, அவளுக்கு வந்தது. அவளிடமே சொன்னேன். யோசித்துவிட்டு, "கேக்கணும்னா எனக்கு எழுதட்டும். இந்தத் தடவ பேரு போட்டு எழுதச் சொல்லு" என்றாள்.

விலாசம் கீழே இருக்கிறது. எனக்கு இனி எழுத வேண்டாம்.

முத்திருளன்

க. ரெங்கம்மாள்,
சத்துணவுச் சமையலர்,
காளியம்மன் கோவில் பின்சந்து,
வில்லாபுரம், மதுரை-12.